முதலாண்டு மாணவருக்கு ஒரு சீனியர் துணை: நெல்லை வட்டாரக் கல்லூரிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூத்த மாணவர் ஒருவர் முதலாண்டு மாணவர் சிலருக்குப் பொறுப்பேற்று, முதல் வருடம் முழுக்கக் கூடவே நிற்கும் ஏற்பாட்டைப் பற்றிய பக்கம் இது. பாளையங்கோட்டை, பேட்டை, அபிஷேகப்பட்டி, ஆழ்வார்குறிச்சி, அம்பை, திருச்செந்தூர் என்று இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கிறவர்கள், படிப்பிக்கிறவர்கள், பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோர் ஆகியோர் கேட்கும் கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாண்டு மாணவர் தானாக வந்து உதவி கேட்க மாட்டார். நாம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும், அதுவும் சீக்கிரமாகப் போக வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

வழிகாட்டி மாணவர் என்பவர் என்ன செய்வார்?

பெரிதாக ஒன்றும் இல்லை என்று முதலில் தோன்றும். பஸ் பாஸ் விண்ணப்பம் எந்த ஜன்னலில் தருவார்கள், போனஃபைட் சான்றிதழுக்கு யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், முதன்மைப் பாடத்தோடு துணையாக வரும் அலைடு பாடம் என்றால் என்ன, இன்டர்னல் மதிப்பெண் எப்படிப் போடுவார்கள், நூலகத்தில் ஒரு தடவைக்கு எத்தனை புத்தகம் எடுக்கலாம். இதையெல்லாம் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கோ இவற்றைச் சொல்ல அம்மா அப்பாவுக்கும் தெரியாது, பக்கத்து வீட்டிலும் ஆள் இருக்காது.

கல்லூரி தன் விதிகளை ஒரு கையேட்டில் அச்சடித்துக் கொடுத்துவிடும். ஆனால் கையேட்டில் இல்லாதவை நிறைய இருக்கின்றன. துறைத் தலைவர் அறைக்குள் எப்போது போகலாம், லேப் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கத் தாமதமானால் என்ன ஆகும், வகுப்பில் புரியவில்லை என்று கையைத் தூக்கினால் சிரிப்பார்களா என்பதெல்லாம் அங்கே படித்துப் பழகிய இன்னொரு மாணவருக்குத்தான் தெரியும். வழிகாட்டி மாணவரின் வேலை இந்த இடத்தில் இருக்கிறது.

எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் இருபது மாணவர்கள் என்று மென்டர் முறை ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கட்டும், அது அவசியம். தேசிய மதிப்பீட்டுக் குழுவான நாக் பார்வையிட வரும்போது மாணவர், மென்டர் விகிதத்தையும் கேட்டு வந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான கல்லூரிகளில் இதற்கென்று ஒரு நோட்டு இருக்கும்.

ஆனால் ஆசிரியர் முன்னால் நிற்கும் முதலாண்டு மாணவரைக் கொஞ்சம் கவனியுங்கள். "எல்லாம் எப்படிப்பா போகுது?" என்று கேட்டால் "நல்லாப் போகுது சார்" என்பார். கணக்குப் பாடத்தில் மூன்றாவது வாரத்திலிருந்து ஒன்றும் புரியவில்லை என்பதை அங்கே சொல்ல மாட்டார். அதே பிள்ளை கேன்டீனில் ஒரு அக்காவிடம், "நான் இந்த குரூப்பே எடுத்திருக்கக் கூடாதுக்கா" என்று சொல்லும். ஆசிரியரிடம் அதிகாரம் இருக்கிறது, தீர்வும் பல நேரம் அவரிடம்தான் இருக்கிறது. உண்மை முதலில் போய்ச் சேர்வது சீனியரிடம். இந்த இரண்டு பேருக்கும் நடுவே வழி திறந்திருந்தால்தான் இந்த ஏற்பாடு முழுமையாகும்.

சீனியர் என்றாலே ராகிங்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அவர்கள் கையிலேயே பிள்ளைகளை ஒப்படைப்பதா?

பயம் நியாயமானது. 1996ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன். நாவரசு கொலை செய்யப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் 1997ல் வந்தது. அதன்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2009ல் நாடு முழுவதற்குமான விதிமுறைகளை வெளியிட்டது. சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுப்பது அந்த விதிகளால்தான். புகார் சொல்ல 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

பலர் கவனிக்காத ஒன்றும் அதே 2009 விதிகளில் இருக்கிறது. ராகிங்கைத் தடுக்கும் வழிகளில் ஒன்றாக, தாமாக முன்வரும் மாணவர்களைக் கொண்டு ஒரு வழிகாட்டிக் குழு அமைக்கச் சொல்கிறது. ஆக, சீனியரையும் ஜூனியரையும் பிரித்து வைப்பதை மட்டும் அந்த விதி நம்பவில்லை. முறையாக, பெயர் சொல்லி, ஆசிரியர் பார்வையில் நடக்கும் அறிமுகத்தையும் அது நம்புகிறது. மரத்தடியில் நிற்கும் கூட்டம் "ஏல, இங்க வா" என்று கூப்பிடும் முன்பே, "உன் சீனியர் இவங்கதான்" என்று துறையில் வைத்து ஆசிரியரே காட்டியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு நிற்க ஒரு இடம் கிடைக்கிறது.

வழிகாட்டி மாணவர் ஜூனியரிடம் வேலை வாங்குவது, கடைக்கு அனுப்புவது, பாடச் சொல்லிக் கேட்பது எல்லாம் விளையாட்டாகக்கூட நடக்கக் கூடாது. நடந்தால் அன்றே பொறுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். இதில் இரண்டாவது வாய்ப்பு கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சீனியருக்கு எத்தனை ஜூனியர்?

அந்த விதியே ஆறு புதிய மாணவருக்கு ஒரு வழிகாட்டி என்கிறது. அப்படிப்பட்ட ஆறு வழிகாட்டிகளுக்கு ஒரு மூத்த வழிகாட்டி, அவர்களுக்கு அடுத்த மேல் வகுப்பிலிருந்து. நல்ல கணக்கு அது. ஆறு பேர் என்றால் பெயர், ஊர், பஸ், பிடிக்காத பாடம் எல்லாம் ஞாபகத்தில் நிற்கும். பன்னிரண்டு பேர் என்றால் பாதிப் பேர் வெறும் பட்டியலாகிவிடுவார்கள். அறுபது பேர் படிக்கும் ஒரு பி.காம் வகுப்புக்குப் பத்து சீனியர் போதும்.

யாரை வழிகாட்டியாக எடுக்க வேண்டும்? வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவரையா?

பல துறைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதலிலிருந்தே நன்றாகப் படித்து வந்தவருக்கு, புரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பது பல நேரம் தெரியாது. முதல் செமஸ்டரில் ஒரு அரியர் வைத்து, அடுத்த நவம்பரில் அதை எழுதி முடித்த மாணவரைக் கேளுங்கள். எந்த வாரத்தில் சறுக்கியது, என்ன செய்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அவர் வாயிலிருந்து வரும்போது ஜூனியரும் நம்புவார்.

மதிப்பெண்ணைவிட மூன்று பழக்கங்களைப் பார்க்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, கேட்டதை வெளியே போய்ப் பரப்பாமல் இருக்கிறாரா, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாரா. மூன்றாவது பழக்கம் உள்ளவர்கள் குறைவு, ஆனால் அதுதான் முக்கியம். தெரியாமல் சொன்ன ஒரு தவறான தேதி ஒரு பிள்ளையின் தேர்வுக் கட்டணத்தைத் தவற வைத்துவிடும்.

பஸ்ஸில் வந்து போகும் மாணவரும் ஹாஸ்டல் மாணவரும் வழிகாட்டிகளில் கலந்து இருக்க வேண்டும். திசையன்விளையிலிருந்தோ களக்காட்டிலிருந்தோ தினமும் வரும் பிள்ளையின் அலைச்சலை, ஹாஸ்டலில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உணர்வது கஷ்டம்.

முதல் சில வாரங்களில் என்ன பேசுவது, என்ன செய்வது?

முதல் வாரத்தில் பாடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். காகிதங்களைப் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2022ல் தொடங்கிய திட்டம் அது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024ல் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றில் வருகிறார்கள். இதற்குப் பள்ளி மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண் வேண்டும், கல்லூரி மாணவர் பதிவு எண்ணான உமிஸ் எண் போட வேண்டும், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். கணக்கு இருக்கும், ஆதார் இணைப்பு இருக்காது. பணம் வராது, ஏன் வரவில்லை என்றும் தெரியாது. "உன் பாஸ்புக்கைக் கொண்டு வா, பார்ப்போம்" என்று ஒரு அக்கா சொன்னால் முடிந்துவிடுகிற வேலை இது.

ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்திலிருந்து வரும் பல பிள்ளைகளின் வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை தனியாக இருக்கிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அம்மாவின் தொழிலாளர் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். இதை வகுப்பில் பொதுவாக அறிவித்தால் பலர் கை தூக்க மாட்டார்கள். தனியாகச் சொன்னால் மறுநாளே அட்டையின் நகலோடு வருவார்கள்.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் இடங்களைக் காட்டுங்கள். நூலகம், தேர்வுப் பிரிவு, அலுவலக ஜன்னல், உடற்கல்வித் துறை. கூடவே நடந்து போய்க் காட்டுவது நல்லது. தனியாகப் போய்த் திரும்பி வந்த பிள்ளைகள் நிறைய.

அப்புறம் முதல் இன்டர்னல் வந்துவிடும். பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75. தன்னாட்சிக் கல்லூரிகளில் கொஞ்சம் மாறலாம், அதனால் உங்கள் கல்லூரிக் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டே சொல்லுங்கள். பருவத் தேர்வில் தனியாகவும் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்க வேண்டும் என்பது பல முதலாண்டு மாணவர்களுக்குத் தெரிவதில்லை. இன்டர்னலில் நிறைய இருக்கிறது, சமாளித்துவிடலாம் என்று நினைத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் இன்டர்னல் விடைத்தாள் கைக்கு வரும் நாளில் வழிகாட்டி மாணவர் கண்டிப்பாகக் கல்லூரியில் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் எண்பது, தொண்ணூறு சதவீதம் எடுத்த பிள்ளை முதன்முறையாக 25க்கு 7 என்று பார்க்கும் நாள் அது. "எனக்கும் அப்படித்தான் வந்துச்சு, இந்தா என் பேப்பர்" என்று பழைய விடைத்தாளை எடுத்துக் காட்ட முடிந்தால் வேறு எந்த அறிவுரையும் தேவைப்படாது.

"ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் "இல்லண்ணே" என்றுதான் பதில் வருகிறது. எப்படிப் பேச வைப்பது?

அந்தக் கேள்வியையே கேட்க வேண்டாம். பிரச்சினை இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது எல்லோருக்கும் கஷ்டம். பெயர்கூட முழுதாகத் தெரியாத சீனியரிடம் இன்னும் கஷ்டம். பதில் ஒரு பொருளாகவோ இடமாகவோ வரும்படி கேளுங்கள்.

"நேத்து அலைடுல எது வரைக்கும் நடத்துனாங்க?"

"தெரியலண்ணே... ரெண்டாவது யூனிட்னு நினைக்கேன்."

"நோட்டு இருக்கா? காட்டு."

நோட்டில் பத்து நாளாக ஒன்றும் இல்லை. "என்னப்பா, கிளாஸுக்கு வரலயா?" என்று கேட்காமல், "முதல் ஹவர் எந்த பஸ்ல வாரே?" என்று கேட்டால் கதை வெளியே வரும். மானூர்ப் பக்கத்திலிருந்து வரும் பஸ் கூட்டத்தில் நிற்காமல் போய்விடுகிறது, அடுத்தது ஏறி ஜங்ஷனில் இறங்கி மாறி வருவதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடுகிறது, தாமதமாகப் போனால் ஆசிரியர் திட்டுவார் என்று வகுப்புக்கு வெளியே நின்றுவிடுகிறார். படிப்பில் அக்கறை இல்லாதவர் என்று அதுவரை நினைத்தவருக்கு இருந்தது பஸ் பிரச்சினை. இதை ஆசிரியரிடம் சொல்லி, முதல் பத்து நிமிடம் தாமதத்துக்கு அனுமதி வாங்கித் தருவதோ, அந்த வகுப்பின் குறிப்பை ஒரு நண்பரிடமிருந்து தினமும் கிடைக்கச் செய்வதோ சீனியரால் முடியும்.

இன்னொன்று. நம் ஊரில் "லே"யும் "மக்கா"வும் பாசத்தோடு வருகிறவைதான், ஆனால் பழகிய பிறகு. முதல் நாளில் ஜூனியரைப் பெயர் சொல்லியோ, தம்பி, தங்கச்சி என்றோ கூப்பிடுங்கள். மற்றது தானாக வரும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குப் பாடத்தில் எப்படி உதவுவது?

இதில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ் வழியில் வணிகவியல் படித்து வந்த மாணவிக்குக் குறிப்பேட்டுப் பதிவு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் நன்றாகத் தெரியும். ஜர்னல், லெட்ஜர், ட்ரையல் பேலன்ஸ் என்று பலகையில் எழுதியதும் எல்லாமே புதிது என்று பயந்துவிடுகிறார். பழைய பிளஸ் டூ புத்தகத்தையும் கல்லூரிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கணக்கை இரண்டிலும் போட்டுக் காட்டினால் பயத்தில் பாதி அன்றைக்கே போய்விடும். அறிவியல் குரூப் படித்துவிட்டு பி.காம் வந்தவரின் நிலை வேறு. அவருக்கு எது பற்று, எது வரவு என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். இந்த இருவரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்தால் இருவருக்குமே பலன் இருக்காது.

பாட உதவியில் உலகம் முழுக்கப் பரவிய ஒரு முறை அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழக கான்சாஸ் சிட்டி வளாகத்தில் 1973ல் தொடங்கியது. டியானா மார்ட்டின் உருவாக்கிய அந்த முறையில் பலவீனமான மாணவர் யார் என்று தேட மாட்டார்கள். எந்தப் பாடத்தில் வழக்கமாக நிறையப் பேர் தோற்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பத்தில் மூன்று பேராவது தோற்கிற அல்லது விட்டுப் போகிற பாடத்துக்கு, அதை முன்பே நன்றாகப் படித்து முடித்த மாணவர் ஒருவர் வாரந்தோறும் கூட்டுப் படிப்பு நடத்துவார். யார் வேண்டுமானாலும் வரலாம். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் வேறு பெயர்களில் இதே முறை இருக்கிறது.

நம் கல்லூரிகளுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது. "வீக் ஸ்டூடண்ட்ஸ் மட்டும் நில்லுங்க" என்று சொல்லி நடத்தும் கூடுதல் வகுப்புக்குப் போகப் பிள்ளைகள் கூசுகிறார்கள். "அலைடு கணக்குக்குப் புதன்கிழமை மத்தியானம் சீனியர் அக்கா சொல்லித் தராங்க, வாரவங்க வாங்க" என்றால் யாருக்கும் கூச்சம் இல்லை. நன்றாகப் படிக்கிறவரும் வருவார், அவர் பக்கத்தில் தடுமாறுகிறவரும் வருவார்.

அந்தக் கூட்டத்தில் சீனியர் லெக்சர் எடுக்கக் கூடாது. சாக்பீஸ் ஜூனியர் கையில் இருக்கட்டும். அவர் போடும்போது எந்த வரியில் நிற்கிறார் என்று பார்த்து, "இதுக்கு முந்தின வரி எப்படி வந்துச்சு?" என்று மட்டும் கேட்கட்டும்.

அசைன்மென்ட், ரெக்கார்டு எழுதிக் கொடுக்கலாமா?

கூடாது. தன்னுடைய பழைய ரெக்கார்டைக் காட்டலாம், எழுதும்போது பக்கத்தில் உட்காரலாம். ஜூனியருக்குக் கடன் கொடுப்பது, அவரிடம் பணம் வாங்கி வைத்துக்கொள்வது, தேர்வுக் கட்டணத்தை அவருக்காகக் கட்டுகிறேன் என்று கையில் வாங்குவது ஆகியவையும் வேண்டாம்.

ஒரே ஊர்க்காரர், சொந்தக்காரர் என்று சேர்த்துவிட்டால் பழகுவது சுலபமாக இருக்குமே?

சுலபமாக இருக்கும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

நம் மாவட்டத்தில் ஊர் என்று சொன்னால் பல நேரம் அது ஊரோடு நிற்பதில்லை, சாதி வரைக்கும் போகும். கல்லூரி திறந்த முதல் வாரமே "நம்ம பயலுவ" என்று ஒரு கூட்டம் முதலாண்டு மாணவரை அழைத்துக்கொண்டு போய்விடும். கையில் ஒரு வண்ணக் கயிறு ஏறும். அதன் பிறகு மூன்று வருடத்துக்கும் யாரோடு சாப்பிடுவது, யாரோடு பேசக் கூடாது என்பதை அந்தக் கயிறு முடிவு செய்துவிடும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் வீட்டுக்குள் புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த மாணவர்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒரு நபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. பள்ளியில் கயிறு கட்டிய அதே பிள்ளைகள்தான் அடுத்த வருடம் கல்லூரிக்கு வருகிறார்கள்.

ஆகவே வழிகாட்டியையும் ஜூனியரையும் துறை ஆசிரியர் சேர்க்க வேண்டும், வருகைப் பதிவேட்டு எண்படியோ குலுக்கல் முறையிலோ. மாணவர்கள் தாங்களாக ஆள் பிடித்துக்கொள்ள விடக் கூடாது. வழிகாட்டிப் பயிற்சியில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எந்த ஊர் என்று கேட்கலாம். எந்தத் தெரு என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜூனியர் கையில் கயிற்றோடு வந்தால் அவரை ஒதுக்க வேண்டாம், அவரையும் அந்த ஆறு பேரோடு உட்கார வையுங்கள். வேறு தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து படிப்பது அவருக்கு அதுதான் முதல் முறையாகக்கூட இருக்கும்.

இந்த ஏற்பாட்டால் நம் வட்டாரத்துக்குக் கிடைக்கக்கூடிய பெரிய நன்மை இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மதிப்பெண் உயர்வது அதற்கு அடுத்துதான்.

பெற்றோர் கேட்பது: என் மகளுக்கு சீனியர் பையனைப் போடுவீர்களா?

இருபாலர் கல்லூரியில் முதலாண்டு மாணவிக்கு மாணவியே வழிகாட்டியாக இருப்பதுதான் இப்போதைக்கு நல்லது. வீட்டில் வரும் தேவையில்லாத கேள்விகளால் பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதுதான் காரணம், மாணவர்கள் மேல் சந்தேகம் எதுவும் இல்லை. கூட்டுப் படிப்பில் எல்லோரும் சேர்ந்து உட்காரலாம்.

சந்திப்புகள் கல்லூரிக்குள், மதிய இடைவேளையில் மட்டும் நடக்க வேண்டும். கல்லூரி முடிந்த பிறகு வைத்தால் பஸ் பிள்ளைகள் வர முடியாது, வீட்டிலும் கவலைப்படுவார்கள். வழிகாட்டியின் பெயரையும் பொறுப்பு ஆசிரியரின் பெயரையும் பெற்றோருக்குத் துறையே எழுத்தில் தந்துவிட வேண்டும். உங்களுக்கு விருப்பமிருந்தால் முதல் பெற்றோர் கூட்டத்தில் அந்த அக்காவை நேரில் பார்த்துப் பேசுங்கள். பார்த்துவிட்டுப் போன அம்மாக்கள்தான் பிறகு, "அந்தப் பிள்ளைகிட்ட கேளு" என்று மகளிடம் சொல்வார்கள்.

பாளையங்கோட்டையில் சாரா டக்கர் கல்லூரி 1895லேயே பெண்களுக்காகத் தொடங்கப்பட்டது. பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர் அன்றைக்கும் இருந்திருப்பார்கள். உங்கள் கவலை புதியதல்ல, அதற்கு மரியாதை கொடுத்துத்தான் இந்த ஏற்பாட்டை நடத்த வேண்டும்.

கோயில் கொடை, தேரோட்டம், அறுப்பு என்று விடுப்பு எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சீனியர் என்ன செய்ய முடியும்?

கணக்குப் போட்டுக் காட்ட முடியும். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், 75 சதவீத வருகை கட்டாயம் என்றால் மொத்தமாகவே 22 நாள்தான் விடலாம். ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை கிடைத்துவிடும். ஊர்க் கோயில் கொடைக்குக் கிடைக்காது. ஆடியில் சொந்த ஊரில் மூன்று நாள், அம்மா ஊரில் மூன்று நாள், அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரில் இரண்டு நாள் என்று போனால் கொடைக்கே எட்டு நாள் போய்விடும், காய்ச்சலுக்கும் மற்றதுக்கும் சேர்த்து மிஞ்சுவது 14 நாள்தான். கொடைக்குப் போகாதே என்று யாரும் சொல்ல வேண்டாம், சொன்னாலும் நடக்காது. எந்தக் கொடைக்குப் போவது என்று பிள்ளை முன்கூட்டியே முடிவு செய்யட்டும். வருகை குறைந்தால் அபராதக் கட்டணம், அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாத நிலை வரும் என்பதை ஆகஸ்டிலேயே சொல்லிவிட வேண்டும். அக்டோபரில் சொல்லிப் பயனில்லை.

வாட்ஸ்அப் குழு ஒன்று போட்டால் போதாதா?

தேதி, அறிவிப்புக்குப் போதும். அதற்கு மேல் எதற்கும் உதவாது. அறுபது பேர் பார்க்கும் இடத்தில் யாரும் எனக்குப் புரியவில்லை என்று எழுத மாட்டார்கள். சில வீடுகளில் ஒரே போன், அதுவும் அண்ணன் கையில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜூனியர் ஒரு ரகசியம் சொல்கிறார். யாரிடமும் சொல்லாதே என்கிறார். என்ன செய்வது?

சாதாரண விஷயங்களை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சண்டை, காதல், பணக் கஷ்டம் எதுவும் உங்கள் நண்பர்களிடம்கூடப் போகக் கூடாது.

சிலவற்றை மட்டும் கட்டாயம் ஆசிரியரிடம் சொல்லியாக வேண்டும். உயிரை விடுவதைப் பற்றிய பேச்சு, ராகிங், பாலியல் தொல்லை, அடி, விருப்பமில்லாத கல்யாண ஏற்பாடு. "நான் உனக்காக ரகசியமாக வைப்பேன், ஆனா உனக்கு ஆபத்துன்னா ஒரு பெரியவங்ககிட்ட சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிறகு அது துரோகமாகத் தெரியாது.

சாவதைப் பற்றி ஒருவர் பேசினால், விளையாட்டாகச் சொன்னதாகத் தோன்றினாலும், அவரைத் தனியே விட்டுப் போகாதீர்கள். கூட உட்கார்ந்து, பொறுப்பு ஆசிரியரை அங்கே வரவழையுங்கள். மனநல உதவிக்கான அரசின் 14416 எண் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். பெண்களுக்கு 181. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குக் கல்யாணம் பேசினால் 1098. முதலாண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாலியல் புகாருக்குக் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழு 2013 சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். அதன் தலைவர் பெயரையும் எண்ணையும் ஒவ்வொரு வழிகாட்டியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் மருத்துவரும் அல்ல, போலீஸும் அல்ல. உங்களுக்கு இருபது வயது. இந்தச் சுமையைத் தனியாகத் தூக்கும்படி எந்தக் கல்லூரியும் உங்களை விடக் கூடாது.

படிப்பை விட்டுவிடுகிறேன் என்கிறார். தடுப்பதா?

முதலில் தடுக்காமல் கேளுங்கள். பணமா, பாடமா, வீடா, வேலையா? திருப்பூருக்கோ கோவைக்கோ வேலைக்குப் போகப் பேச்சு நடக்கிறதா? பணம் என்றால் இன்னும் விண்ணப்பிக்காத உதவித்தொகை இருக்கிறதா என்று அலுவலகத்தில் பார்க்கலாம். பாடம் என்றால் குரூப் மாற்ற இன்னும் அவகாசம் இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேட்கலாம். எதுவும் முடியாமல் போவதாக இருந்தாலும் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன் ஒரு தடவை ஆசிரியரும் பெற்றோரும் உட்கார்ந்து பேச வேண்டும், தொலைநிலைக் கல்வியில் தொடரும் வழியைச் சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வருவதை நிறுத்திக்கொண்டால் நாலாவது நாளே வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும். மாதக் கடைசியில் பண்ணினால் பிள்ளை பஸ் ஏறியிருக்கும்.

சீனியருக்கு இதனால் என்ன கிடைக்கும்?

சான்றிதழ் ஒன்று கல்லூரி தரலாம், தர வேண்டும். அதைவிட, ஆறு பேருக்குப் பாடம் விளக்கியவருக்கு அந்தப் பாடம் மறக்காது. நேர்முகத் தேர்வில் "ஒரு பிரச்சினையை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டால் சொல்வதற்கு உண்மையான பதில் இருக்கும். தன்னுடைய செமஸ்டர் தேர்வு நேரத்தில் இந்தப் பொறுப்பிலிருந்து அவருக்கு முழு விடுப்பு கொடுத்துவிடுங்கள்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேடையில் எடுத்த போட்டோவை வைத்துத் தெரியாது. ஆறாவது வாரத்தில் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதியில் கட்டாதவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். டிசம்பரில் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர், முன்னைய வருடம் எத்தனை பேர் என்று ஒப்பிடுங்கள். அரியர் எண்ணிக்கை அதற்குப் பிறகு. அப்படியே ஜூனியர்களிடம் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கேளுங்கள்: உங்கள் வழிகாட்டி கடைசியாக உங்களைத் தேடி வந்தது எப்போது? பதில் "நான்தான் போனேன்" என்று இருந்தால் அந்தக் குழுவில் வேலை நடக்கவில்லை.

ஒரே ஒரு துறையில் தொடங்கலாமா? எப்போது தொடங்குவது?

தாராளமாக. முதல்வர் ஒப்புதல், பொறுப்பேற்கும் ஒரு ஆசிரியர், பத்து சீனியர் இருந்தால் போதும். ஏப்ரல் தேர்வுக்கு முன்பே வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். விடுமுறைக்குப் போனபின் ஆள் பிடிக்க முடியாது. கல்லூரி திறப்பதற்கு முந்தைய வாரம் அரை நாள் பயிற்சி வையுங்கள். மேலே உள்ள நோட்டு, பஸ் உரையாடலைப் போல இரண்டு பேரைப் பேச வைத்துப் பாருங்கள், ரகசிய விதியைச் சொல்லுங்கள், தொலைபேசி எண்களை எழுதிக் கொடுங்கள். சேர்க்கைப் பட்டியல் வந்த அன்றே ஆறு ஆறு பேராகப் பிரித்துவிட்டு, முதல் நாள் காலையில் அந்தப் பத்து பேரையும் வகுப்புக்குள் நிற்க வையுங்கள். கலந்தாய்வில் தாமதமாகச் சேர்கிறவர்களுக்கும் ஒவ்வொரு குழுவிலும் ஒரு இடம் காலியாக வைத்திருங்கள். அறிமுக நாளைத் தவறவிட்டு, பாதியில் வந்து கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளை அவர்தான். அவருடைய வழிகாட்டி அன்று மதியமே அவரைப் பார்த்துவிட வேண்டும்.